கத்திரிக்கு முன் காய், கத்திரியில் வற்றல்

மாசி மகத்தன்று சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும். அந்த நாளைத்தான் எங்கள் வீட்டில் கெடுவாக வைத்திருக்கிறோம். சாமி கடலுக்குப் போவதற்குள் வீட்டுத் தோட்டத்துக் கோடை விதை எல்லாம் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன ஊர் இது. ஆனால் கோடைக் காய்க்கு ஆடி உதவாது, தையும் மாசியும்தான். கணக்கு எளிது. கத்திரி வெயில் அடிக்கும் அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28, 29 வரை போகும். வெண்டையும் கொத்தவரையும் விதைத்து 45 முதல் 55 நாளில் காய்க்கும். மாசிப் பிறப்பில் விதைத்தால் பங்குனி முடிவதற்குள் முதல் பறிப்பு. கத்திரி வெயில் வரும்போது செடி இடுப்பளவு வளர்ந்து, வேர் ஆழத்துக்குப் போய், தன் நிழலிலேயே தன் மண்ணைக் காத்துக்கொள்ளும். நான் முதல் வருஷம் பிள்ளைகளுக்கு லீவு விட்ட பிறகு சாவகாசமாக ஏப்ரல் கடைசியில் விதைத்தேன். முளைத்தது என்னவோ நன்றாகத்தான் முளைத்தது. ஒரே வாரத்தில் சுருண்டு படுத்துவிட்டது.

அதற்கு அடுத்த வருஷம்தான் அம்மா ஒரு யோசனை சொன்னார். "என்ன விதைக்கறதுன்னு யோசிக்காத. வத்தல் பாட்டில்ல என்ன இருக்கணும்னு யோசி, அப்புறம் விதை" என்றார். அன்றிலிருந்து நான் பாட்டிலில் இருந்து பின்னோக்கித்தான் திட்டம் போடுகிறேன். கோடையில் காய் வந்தால் ஒரேயடியாக வரும், வராவிட்டால் ஒன்றும் வராது. ஒரேயடியாக வருவதைக் காயவைக்கத் தேவையான வெயில் அதே மாதத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் பட்டியல் சின்னது: கொத்தவரை, வெண்டை, கத்தரி, நாலு மிளகாய்ச் செடி, பந்தலில் ஒரு கொடி. இடையில் காலியாகும் இடத்தில் தண்டுக்கீரையோ அரைக்கீரையோ தூவிவிடுங்கள். 25 நாளில் பறித்துவிடலாம்.

பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் ஆசை வேண்டாம், அதெல்லாம் குளிர்ந்த ஊர்ச் சரக்கு. தக்காளி செடியாக நன்றாக நிற்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்க ஆரம்பித்தால் பூவை உதிர்த்துவிடும். மார்கழியிலேயே நாற்று விட்டவர்களுக்குப் பங்குனி வரை தக்காளி உண்டு. மற்றவர்கள் கடையில் வாங்கிக்கொள்ளலாம், வெட்கம் ஒன்றும் இல்லை.

மண்ணும் விதையும்

பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் போதும். காலை வெயில் முழுசாக விழ வேண்டும். மாலை மூன்று மணிக்குப் பிறகு மதில் நிழலோ தென்னை நிழலோ விழுந்தால் அது வரம். கடலோரத்து மண் பெரும்பாலும் மணல்தான், ஊற்றின தண்ணீர் நிற்காது. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, இருக்கிற மணல் ஒரு பங்கு என்று அரை அடி ஆழத்துக்குக் கலந்துவிடுங்கள். தொழு உரத்தைக் கையில் எடுத்தால் சாண வாடை வரக்கூடாது. வாடை வந்தால் அது இன்னும் மக்கவில்லை, வேரைச் சுட்டுவிடும்.

மொட்டை மாடியில்தான் இடம் என்றால் பைகளில் வைக்கலாம். தரைச் சூட்டில் வேர் வெந்துபோகாதபடி பைகளைச் செங்கல்மேல் தூக்கி, நெருக்கமாக வையுங்கள். மணலுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு சேர்க்கலாம். அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து சேர்க்க வேண்டும், அதிலும் உப்பு இருக்கும்.

விதைக்கு அலைய வேண்டியதில்லை. கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் பக்கம் பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூர் 1, பாலூர் 2 என்ற கத்தரி ரகங்கள் அங்கே உருவானவைதான். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. இரண்டு இடத்துக்குமே போன் போட்டு விதை இருப்பு கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஒரு கடையில் பளபளப்பான படம் போட்ட பாக்கெட் வாங்கி, பத்துக்கு இரண்டு விதை முளைத்த அனுபவம் எனக்கு உண்டு. வீட்டுக்கு வந்து பின்பக்கம் பார்த்தால் காலாவதித் தேதி கடந்து எட்டு மாதம். பாக்கெட்டைக் கடையிலேயே திருப்பிப் பாருங்கள்.

வெண்டை விதையை இரவு ஊறவைத்துக் காலையில் ஒரு அடி இடைவெளியில் இரண்டு இரண்டாக ஊன்றுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும். தெம்பானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கொத்தவரைக்கும் அதே முறை. கத்தரியும் மிளகாயும் நாற்றுவிட்டு நடவேண்டியவை. கத்தரிக்கு ஒரு மாதம், மிளகாய்க்கு 40 நாள். இதற்குள் தை தாண்டிவிட்டது என்றால் நர்சரியில் நாற்றாகவே வாங்கி, மாலையில் நட்டுவிடுங்கள். காலையில் நட்டால் அன்று மதியமே துவண்டுவிடும்.

தண்ணீர்தான் பரீட்சை

எங்கள் பக்கம் போர் தண்ணீரை வாயில் விட்டாலே உப்புக் கரிக்கும். கடல் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். இலை ஓரம் நெருப்பு வைத்ததுபோல் கருகினால், மண் மேலே வெள்ளைப் பூப் பூத்தால், அது உப்பு. உரம் போடாததால் வந்தது என்று நினைத்து மேலும் உரம் போட்டவன் நான். செடி இன்னும் வேகமாகச் செத்தது.

செய்யவேண்டியது இரண்டு. முதலாவது, உப்பைத் தாங்குவதை அதிகம் விதைப்பது. கொத்தவரை நன்றாகத் தாங்கும், கத்தரி ஓரளவு சமாளிக்கும், வெண்டைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் வெண்டைப் பாத்திக்குப் போகட்டும். இரண்டாவது, தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதை விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழமாக ஊற்றுவது. தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கும். ஆழமாக ஊற்றினால் உப்பையும் சேர்த்துக் கீழே இறக்கும். பையில் வளர்ப்பவர்கள் மட்டும் கத்திரி வெயிலில் தினமும் ஊற்றியே ஆகவேண்டும். எதுவானாலும் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மண்ணை மூடாக்குப் போடாமல் விடவே கூடாது. நெல்லிக்குப்பம் பக்கம் யாரையாவது தெரிந்தால் கரும்புச் சோகை ஒரு கட்டு கேளுங்கள், வெட்டு முடிந்த வயலில் கிடக்கும். இல்லாவிட்டால் வைக்கோல், முந்திரிச் சருகு, எதுவும் ஆகும். நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினால் தண்ணீர் பாதியாகக் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இன்னொன்று, பொங்கல் வைத்த மண்பானையைத் தூக்கிப் போடாதீர்கள். நாலு செடிக்கு நடுவில் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, மேலே தட்டுப் போட்டு மூடுங்கள். பானை கசிந்து வேருக்கு மட்டும் ஈரம் போகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும், ஊருக்குப் போனாலும் கவலையில்லை. மூடாமல் விட்டால் கொசு முட்டையிடும். பெயிண்ட் அடித்த பானை கசியாது, அது கொலுவுக்குத்தான்.

பந்தலும் பூவும்

இந்தக் கரையில் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை. நாலு கழி நட்டு, மேலே கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் பந்தல் தயார். தலை இடிக்காத உயரத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் காய் தொங்கும்போது குனிந்து குனிந்து போகவேண்டியிருக்கும். ஒரு பந்தலுக்கு பீர்க்கு, சுரை, புடலை, பாகல் இதில் ஒன்று போதும். நாலையும் ஏற்றினால் நாலும் கெடும். எனக்குப் பீர்க்குதான் பிடிக்கும். காயைக் கூட்டு வைத்துத் தோலைத் துவையல் அரைக்கலாம், முற்றிவிட்டால் நாரை உடம்பு தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.

கொடி பூத்ததும் "பூ பூக்குது, காயே வரல" என்று எல்லாரும் கேட்பார்கள். முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண் பூ மட்டும்தான் வரும், அது இயல்பு. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்ததும் தெரியும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். நீங்களே சேர்த்துவிடலாம். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். நேரம் முக்கியம். பாகல், பூசணி, வெள்ளரி காலையில் விரியும். சுரையும் பீர்க்கும் புடலையும் பொழுது சாயும்போதுதான் விரியும். காலையில் எழுந்து சுரைப் பந்தலில் நின்றுகொண்டு பூ வாடிவிட்டதே என்று வருத்தப்படாதீர்கள், நீங்கள் போன நேரம் தப்பு.

அடுத்தது பழ ஈ. பிஞ்சில் ஊசியால் குத்தியதுபோல் புள்ளி, அதிலிருந்து பிசின், நறுக்கினால் உள்ளே புழு. இதற்குத் துறைமுகத்து ஊரில் கைமருந்து இருக்கிறது: கருவாடு. பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாகத்தில் நாலு ஓட்டை போட்டு, ஒரு கைப்பிடி கருவாட்டுத் தூளும் சோப்புத் தண்ணீரும் ஊற்றிப் பந்தலில் தொங்கவிடுங்கள். ஈ வாடைக்கு வந்து உள்ளே விழும். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பூனையும் வரும், அதனால் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். எங்கள் தெருப் பூனை ஒன்று இரண்டு பந்தல் கயிற்றை அறுத்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது. புழு விழுந்த காயைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினால் புழு மண்ணுக்குள்ளேயே கூடு கட்டி மறுபடி ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெயிலில் கிடத்துங்கள்.

மற்றப் பூச்சிக்கெல்லாம் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் இலைக்கு அடியில் படும்படி தெளிப்பு. கத்தரியில் நுனி மட்டும் துவண்டு தொங்கினால் தண்டுக்குள் புழு இருக்கிறது, அந்த நுனியை வெட்டி எரித்துவிடுங்கள். வெண்டை இலையில் நரம்பு எல்லாம் மஞ்சளாக வலைபோலத் தெரிந்தால் மருந்து தேடாதீர்கள். அது வெள்ளை ஈ பரப்புகிற நோய், செடியைப் பிடுங்கிவிடுவதுதான் வழி.

பறித்ததும்

வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. கொத்தவரையும் அப்படியே. பறிக்காமல் விட்டால் செடி வேலை முடிந்தது என்று காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும்.

சுரைக்காயைச் சமைப்பதற்கு முன் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு மொத்தக் காயையும் குப்பையில் போடுங்கள். கசப்பான சுரையின் சாறு விஷம், வாந்தியும் ரத்தப்போக்கும் வந்து ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். வேகவைத்தாலும் கசப்பு போகாது. பாகல் கசப்பு வேறு, இது வேறு.

வற்றல்

இப்போது பாட்டிலுக்கு வருவோம். ஒரு கிலோ வெண்டை காய்ந்தால் நூறு, நூற்றிருபது கிராம்தான் தேறும். கொத்தவரை இருநூறு வரை வரும். மற்றதெல்லாம் தண்ணீர். ஆனால் போட்ட உப்பு எங்கும் போகாது. அதனால் பொரியலுக்குப் போடுகிற அளவு உப்புப் போட்டால் வற்றல் கரிக்கும், அதில் பாதி போதும்.

கொத்தவரையைக் காம்பு கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் அரைவேக்காடு வேகவைத்து வடிகட்டுங்கள். கத்தரியை நாலாகக் கீறி அதேபோல், கொஞ்சம் புளித்தண்ணீர் சேர்த்து. வெண்டையை வேகவைக்கக் கூடாது, கொழகொழத்துவிடும். ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, உப்புப் போட்ட கெட்டி மோரில் ஒரு இரவு ஊறவைத்துக் காயவையுங்கள். பாகலை வட்டமாக நறுக்கி மோரிலும் மஞ்சளிலும். சுண்டைக்காய் கிடைத்தால் விடாதீர்கள், கல்லால் ஒரு தட்டுத் தட்டி, அலசி, மோரில் போடுங்கள்.

மோர் மிளகாய்க்குக் காம்போடு மிளகாயை நடுவில் கீறி, உப்பு மோரில் இரவு ஊறவிட்டுப் பகலில் காயவைத்து, மாலையில் மறுபடி அதே மோரில் போடுங்கள். மோர் முழுவதும் இழுக்கும்வரை மூன்று நாலு நாள் இப்படி. அப்புறம் சுக்காகக் காயும்வரை வெயில்.

உள்நாட்டு ஊர்க்காரர்கள் சொல்லும் வற்றல் முறை கடலோரத்தில் அப்படியே நடக்காது. எங்களுக்கு நடுப்பகல் வாக்கில் கடற்காற்று ஏறிவிடும், மாலை ஆனால் காற்றே பிசுபிசுக்கும். முதல் வருஷம் வற்றலை இரவும் மாடியிலேயே விட்டேன். பகலில் காய்ந்ததெல்லாம் இரவில் ஈரத்தை இழுத்துக்கொண்டு, நாலாம் நாள் பச்சைப் பூஞ்சை. அதிலிருந்து படித்தது: காலை எட்டு மணிக்கே விரித்துவிட வேண்டும், பிற்பகல் மூன்று மணிக்கு மொறுமொறுப்பு இருக்கும்போதே சூட்டோடு எடுத்து வீட்டுக்குள் வைக்க வேண்டும். வெள்ளை வேட்டியிலோ கோரைப்பாயிலோ விரியுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயில் அடியில் வியர்க்கும். மேலே பழைய கொசுவலை போர்த்திவிட்டால் ஈயும் அணிலும் தொல்லை இல்லை. காக்காய்க்குக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து ஓரமாக வைப்பது எங்கள் தெரு வழக்கம். முதல் இரண்டு நாள் பயப்படும், அப்புறம் குடைமேலேயே உட்காரும்.

நாலு நாள் காய்ந்தபின் ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். படக்கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் ஒருநாள்.

வடகம்

இதற்குத் தோட்டத்திலிருந்து வருவது கறிவேப்பிலை மட்டும்தான், என்றாலும் சித்திரை வெயிலை வடகம் போடாமல் வீணாக்க மனம் வராது. புதுச்சேரியில் இருக்கும் அத்தையின் கணக்கு இது. ஒரு கிலோ சின்ன வெங்காயம், 200 கிராம் பூண்டு, இரண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும். அதோடு உளுத்தம்பருப்பு 100, கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25 கிராம், மஞ்சள்தூள், கல்லுப்பு, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. பிசைந்து ஒரு இரவு மூடிவைத்து, மறுநாள் பரப்பிக் காயவைக்க வேண்டும். மாலையில் திரட்டிப் பிசைந்து உருட்டி, காலையில் மறுபடி உதிர்த்து விட வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்தால் பூச்சி அண்டாது. ஏழு முதல் பத்து நாளில் கறுத்த உருண்டையாகிவிடும். மீன் குழம்பையும் கருவாட்டுக் குழம்பையும் இதில் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டுத் தாளித்தால் தெருமுனை வரை மணக்கும்.

இந்த வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து எடுத்துப்போய் 'வடூவான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே அது உருண்டையாக இல்லாமல் மசாலாத் தூளாக விற்கிறது. அத்தையிடம் சொன்னேன். "விளக்கெண்ணெய் போடுறாங்களாமா?" என்று மட்டும் கேட்டார்.

எடுத்து வைப்பது

வற்றலைச் சூடு ஆறியபின்தான் பாட்டிலில் போட வேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். கண்ணாடி பாட்டிலோ எவர்சில்வர் டப்பாவோ, எதுவானாலும் உலர்ந்திருக்க வேண்டும், எடுக்கிற கையும்தான். மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். வேகவைத்த காயை அப்படியே எண்ணெயிலோ தண்ணீரிலோ மூழ்கவைத்துப் பாட்டிலில் இறுக்கி மூடுகிற வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். காற்றுப் புகாத இடத்தில்தான் ஒருவகை நச்சுக் கிருமி வளரும், பார்வைக்கும் வாடைக்கும் தெரியாது. நம் முறைகளில் ஈரம் போகும்வரை உலர்த்தலோ, தூக்கலான உப்பும் புளிப்புமோ இருப்பதால்தான் காய் கெடாமல் நிற்கிறது.

விதைக்கென்று ஒவ்வொரு செடியிலும் நல்ல காய் ஒன்றைத் தொடக்கத்திலேயே நூல் கட்டி விட்டுவிடுங்கள், கடைசியில் மிஞ்சும் சொத்தைக் காயை விதைக்கு வைக்காதீர்கள். பீர்க்கையும் வெண்டையையும் செடியிலேயே காயவிட்டு, விதையை அடுப்புச் சாம்பலில் புரட்டிக் காகிதத்தில் மடித்து, மேலே பெயரும் மாதமும் எழுதுங்கள். எழுதாமல் விட்டு, போன வருஷம் சுரை என்று நினைத்துப் பூசணியைப் பந்தலில் ஏற்றி, சவுக்குக் கழி ஒடிந்தது.

புரட்டாசியில் வெயில் அடிக்கும் நாள் ஒன்றைப் பார்த்து, வற்றல், வடகம், விதை எல்லாவற்றையும் ஒருதரம் மாடிக்கு ஏற்றி இறக்கிவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அப்புறம் மார்கழி வரை வெயிலைப் பார்ப்பது சந்தேகம்.